மாளிகை ஆசிரியைகள் – 9: ஆலைப் புகைபோக்கி தெரிந்த ஜன்னல்

பிராண்டே சகோதரிகளின் யார்க்‌ஷயரைச் சென்ற இதழோடு விட்டுவிட்டோம். இந்த வாரம் போலந்துக்குப் போகலாம். பெரிய வீடு, அங்கே பாடம் சொல்ல வரும் ஏழைப் பெண், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மூத்த மகன், காதல், பெற்றோர் எதிர்ப்பு. நாவல்களில் புரட்டிப் புரட்டி ஓரம் கிழிந்துபோன கதைதான். ஆனால் இது நிஜமாகவே நடந்தது. அந்தப் பெண் பிற்பாடு இரண்டு நோபல் பரிசு வாங்கினார். அதனாலேயே அவருடைய காதலை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிட்டு ரேடியத்துக்குத் தாவிவிடுவது வழக்கமாகிவிட்டது. நாம் தாவ வேண்டாம்.

1886 ஜனவரி 1. வார்சாவில் எலும்பைத் துளைக்கும் குளிர். மரியா ஸ்க்லோடோவ்ஸ்காவுக்கு வயது 18. வீட்டில் எல்லோருக்கும் ‘மானியா’. அப்பாவிடம் விடைபெற்று ரயிலேறினார். மூன்று மணி நேர ரயில் பயணம். அதன் பிறகு குதிரைகள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் நான்கு மணி நேரம். வார்சாவுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஷ்சுக்கி என்ற கிராமத்தில், ஜோராவ்ஸ்கி குடும்பத்துக்குக் கவர்னஸாகப் போகிறார். சாப்பாடும் தங்கும் இடமும் போக ஆண்டுக்கு 500 ரூபிள் சம்பளம்.

பள்ளியிறுதியில் தங்கப் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு? அன்றைக்குப் போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டுக்கொண்டு நூறு ஆண்டு ஆகப்போகிறது. வார்சா ரஷ்யப் பங்கில் இருந்தது. 1863-இல் மூண்ட கிளர்ச்சியை ஜாரின் படை நசுக்கிய பிறகு பள்ளிக்கூடங்களில் ரஷ்ய மொழிதான். மரியாவின் தந்தை விளாடிஸ்லாவ் இயற்பியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்தவர். மேலதிகாரிக்குப் பிடிக்காததால் 1873-இல் பதவியும் போனது, அதோடு கிடைத்த வீடும் போனது. உறவினர் ஒருவரின் தொழிலில் போட்ட சேமிப்பு மூழ்கியது. மனைவி 1878-இல் காசநோயில் இறந்தார். மிஞ்சியது, படித்த பிள்ளைகளும் காலியான பணப்பெட்டியும். வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. படிக்க வேண்டுமானால் பாரிஸ் போக வேண்டும்.

அக்கா ப்ரோனியாவுக்கு டாக்டராக ஆசை. தங்கைதான் ஒரு யோசனை சொன்னாள்: நீ முதலில் போ, நான் கவர்னஸ் வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், நீ டாக்டரானதும் என்னைக் கூப்பிட்டுக்கொள். 1885 இலையுதிர் காலத்தில் அக்கா பாரிஸுக்கு ரயிலேறினாள். தங்கை வார்சாவிலேயே ஒரு வழக்கறிஞர் வீட்டில் சில வாரம் வேலை பார்த்துப் பார்த்தாள். வெளியில் டாம்பீகம், உள்ளே கடன், வாய் நிறையத் தேன், முதுகுக்குப் பின்னால் வம்பு. என் பரம எதிரிகூட இப்படியொரு நரகத்தில் வாழ வேண்டாம் என்ற தொனியில் உறவுப் பெண்ணுக்குக் கடிதம் எழுதிவிட்டு வெளியேறினாள். நகரத்தில் இருந்தால் செலவு கையைக் கடிக்கும். கிராமத்துக்குப் போனால் சம்பளம் அப்படியே மிஞ்சும் என்று கணக்குப் போட்டுத்தான் ஷ்சுக்கிக்குக் கிளம்பியது.

போலந்துக் கிராமம் என்றால் காடும் புல்வெளியுமாக இருக்கும் என்று மானியா நினைத்திருந்தார். சிறுவயதில் உறவினர் பண்ணைகளில் கழித்த கோடைகள் அப்படித்தான் இருந்தன. மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே நிற்பது சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சர்க்கரைக் கிழங்கு வயல். நிறத்தைத் தவிர நம் பீட்ரூட்டின் உடன்பிறப்புதான் அந்தக் கிழங்கு. மாட்டுவண்டிகள் அதை ஆலைக்குக் கொண்டு சேர்க்கும், ஆலை புகைவிடும், பக்கத்தில் ஓடும் சிற்றாறு கறுத்து நுரைத்துப் போகும். குடியானவர்கள் விதைப்பதும் களையெடுப்பதும் பிடுங்குவதும் இந்த ஆலைக்காகவே.

ஜோராவ்ஸ்கி அந்த நிலத்தின் சொந்தக்காரர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நிலம் ஒரு பிரபு குடும்பத்துடையது. இவர் வேளாண்மை தெரிந்த நிர்வாகி. கொஞ்சம் வசதி, ஊரில் மரியாதை, ஆலையில் பங்கு. வீட்டில் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். மூன்று மகன்கள் வார்சாவில் படித்தார்கள். மூத்த மகள் ப்ரோன்காவுக்கு மானியாவின் வயதுதான். வந்த சில நாளிலேயே இருவரும் தோழிகளாகிவிட்டார்கள். பாடம் சொல்ல வேண்டிய முக்கியமான ஆள் பத்து வயது ஆன்ட்ஜியா. விருந்தாளி வரும் சத்தம் கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற ரகம். நாளுக்கு ஏழு மணி நேரம் வேலை: நான்கு மணி நேரம் ஆன்ட்ஜியாவுடன், மூன்று மணி நேரம் ப்ரோன்காவுடன்.

மாடியில் கொடுத்த அறைக்கு முற்றத்திலிருந்து தனியாக ஒரு படிக்கட்டு இருந்தது. அந்தப் படிக்கட்டு இல்லையென்றால் இந்தக் கதையில் பாதி கிடையாது. ஆலைத் தொழிலாளர், பண்ணையாட்கள் ஆகியோரின் பிள்ளைகள் எழுத்து வாசனையே இல்லாமல் சேற்றில் விளையாடிக்கொண்டிருந்ததை மானியா தினமும் பார்த்தார். பள்ளிக்குப் போன ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்தது ரஷ்ய எழுத்து மட்டும். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டார், கிடைத்தது. ப்ரோன்காவும் சேர்ந்துகொண்டாள். போலிஷ் எழுத்தும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் பத்துப் பேர், பிறகு பதினெட்டு. மற்ற நாட்களில் இரண்டு மணி நேரம், புதனும் சனியும் ஐந்து மணி நேரம்கூட நடந்தது. நோட்டும் பேனாவும் வாங்கியது அவருடைய சம்பளத்தில். அறையின் பின்பக்கத்தில் பிள்ளைகளின் அப்பாவும் அம்மாவும் வந்து நின்று, தங்கள் பிள்ளை ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்ப்பார்கள். யாராவது போலீசில் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சைபீரியாதான்.

போலந்தில் அந்தத் தலைமுறை இளைஞர்கள் பலருக்கும் இது ஒரு கொள்கை. துப்பாக்கி தூக்கித் தோற்றாகிவிட்டது. இனி மக்களைப் படிக்கவைப்போம் என்பது. வார்சாவில் ரகசியமாக வீடு மாற்றி மாற்றி நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்தில் மானியாவும் ப்ரோனியாவும் படித்தவர்கள். அங்கே கற்றதைத்தான் மானியா ஷ்சுக்கியில் செய்தார். ஜோராவ்ஸ்கி தம்பதிக்கும் இதில் பாராட்டு வேண்டும். பின்னால் அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக வில்லன் முத்திரை குத்துகிறவர்கள், தங்கள் வீட்டு மாடியில் இந்தச் சட்டவிரோதப் பள்ளியை அவர்கள் அனுமதித்ததை மறந்துவிடுகிறார்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல் மானியாவின் சொந்தப் படிப்பு. காலை ஆறு மணிக்கும் எழுந்து உட்காருவார். ஒரே சமயத்தில் மூன்று புத்தகம்: ஒரு இயற்பியல் நூல், பிரெஞ்சில் ஸ்பென்சரின் சமூகவியல், ரஷ்ய மொழியில் உடற்கூறும் உடலியங்கியலும். ஒன்றில் மனம் சலித்தால் அடுத்ததுக்கு மாறுவார். எதுவுமே ஓடாத அளவு களைப்பென்றால் அல்ஜீப்ரா கணக்குப் போடுவார். கணக்கில் கவனம் சிதற வழியில்லை என்பது அவருடைய காரணம். புரியாத கணக்கை அப்பாவுக்குத் தபாலில் அனுப்பி, விடையைத் தபாலில் வாங்கினார். ஆலையின் வேதியியலாளர் சில பாடங்கள் சொல்லிக்கொடுத்தார். இலக்கியமா, சமூகவியலா, அறிவியலா என்று தடுமாறிக்கொண்டிருந்த பெண், இயற்பியலும் கணிதமும்தான் தன் வழி என்று தெளிந்தது கல்லூரியில் இல்லை, இந்தக் கிழங்கு வயல்களுக்கு நடுவில்.

விடுமுறைக்கு மூத்த மகன் வந்தான். காசிமிர் ஜோராவ்ஸ்கி, மானியாவை விட ஒரு வயது மூத்தவன். வார்சா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தான். எந்தப் பாடத்தை மானியா தபாலில் பிச்சையாகப் பெற்றுக்கொண்டிருந்தாளோ, அதை அவன் வகுப்பில் பேராசிரியர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். தங்கைகளுக்குப் பாடம் சொல்லும் பெண் என்று அலட்சியமாகப் பார்த்திருக்கக்கூடிய ஒருத்தி, நன்றாக நடனமாடுகிறாள், பனிச்சறுக்குகிறாள், படகு வலிக்கிறாள், சட்டென்று கவிதை கட்டுகிறாள். கணக்கைப் பற்றிப் பேசினால் பதில் கேள்வி கேட்கிறாள். அந்த வட்டாரத்துப் பெண்களிடம் அவன் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. மானியாவுக்கும் அழகான, மென்மையான, தன் மொழியில் பேசுகிற ஒருவன் கிடைத்தான். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தது. இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தார்கள்.

தடை வருமென்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததற்குக் காரணமும் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மானியாவைப் பிடிக்கும். பிறந்த நாளுக்குப் பூவும் பரிசும் கொடுப்பார்கள். அவர் தந்தையையும் அண்ணனையும் அக்காக்களையும் ஷ்சுக்கிக்கு விருந்தாளியாக அழைத்திருக்கிறார்கள். ஆனால் காசிமிர் கேட்டதும் அப்பா கொதித்தெழுந்தார், அம்மா மயங்கி விழாத குறை என்று மானியாவின் மகள் ஏவ் கியூரி தம் தாயைப் பற்றிய நூலில் எழுதுகிறார். வட்டாரத்திலேயே வசதியான பெண்ணைக் கட்டக்கூடிய பையன், கையில் காலணா இல்லாமல் ‘அடுத்த வீட்டில்’ வேலைபார்த்துப் பிழைக்கும் பெண்ணைக் கட்டுவதா? வாயிலெடுக்கவே கூடாது.

குலம் இங்கே பிரச்சினையே இல்லை. ஸ்க்லோடோவ்ஸ்கி குடும்பமும் சிறு பிரபு வம்சம்தான். நிலம் போன பிறகு ஆசிரியர்களாக மாறியவர்கள். படிப்பில் அவர்கள் ஒரு படி மேல். ஜோராவ்ஸ்கியோ பிறத்தியார் நிலத்தை நிர்வகிக்கிறவர். ஆக இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது சீதனப் பணம் ஒன்றுதான். நம் ஊர்க் கல்யாணப் பேச்சுகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவர்னஸ் என்பவள் சாப்பாட்டு மேஜையில் சமமாக உட்காரலாம், பிறந்த நாளுக்குப் பூ வாங்கலாம், மருமகளாக மட்டும் முடியாது. அவர்கள் காட்டிய அன்பு பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அன்புக்கு ஓர் எல்லை இருந்தது, எல்லை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

காசிமிர் பின்வாங்கினான். முழுதாகவும் பின்வாங்கவில்லை, அதுதான் கொடுமை. படிப்பை முடித்துச் சொந்தக்காலில் நின்ற பிறகு பார்க்கலாம் என்பதைப் போல இழுத்துக்கொண்டே போனான்.

இனிதான் நான் இந்த வாரம் சொல்ல வந்தது. நாவலாக இருந்தால் கதாநாயகி அன்றிரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போயிருப்பாள். மானியா போகவில்லை. மறுநாளும் அதே மேஜையில் அதே தம்பதி எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆன்ட்ஜியாவுக்கு அதே நான்கு மணி நேரப் பாடம். காரணம் மிக எளியது. பாரிஸில் அக்காவுக்கு மாதம் 15 ரூபிள் போய்க்கொண்டிருந்தது, பிறகு 20. சம்பளத்தில் பாதியை நெருங்கும் தொகை. வேலையை விட்டால் அக்காவின் படிப்பு நின்றுபோகும். 1889 ஈஸ்டர் வரை, ஒப்பந்தம் முடியும்வரை, அந்த வீட்டிலேயே இருந்தார்.

அந்த நாட்களில் அவர் எழுதிய கடிதங்களில் கண்ணீர் வடிக்கும் பாவனை கிடையாது. கசப்பான கிண்டல் உண்டு. 1887 மார்ச்சில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் யூசெப்புக்கு எழுதினார்: கடன் வாங்கியாவது வார்சாவிலேயே தங்கித் தொழில் பண்ணு, கிராமத்தில் போய்ப் புதைந்துவிடாதே, நான் ஒரு ஆளாவேன் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது, என் ஆசையையெல்லாம் உன் மேலும் ப்ரோனியா மேலும் ஏற்றி வைத்திருக்கிறேன் என்பது அதன் சாரம். மரியாவுக்குக் கல்யாணம் என்று ஊரில் கிளம்பிய பேச்சு வார்சாவரை எட்டியபோது, அதை நம்பாதே என்று உறவுப் பெண் ஹென்றியேட்டாவுக்கு மறுப்பு எழுதினார். முட்டுகிற தலையைவிடச் சுவர்தான் எப்போதும் கெட்டி என்ற அர்த்தத்திலும் அவளுக்கே ஒரு வரி எழுதியிருக்கிறார். தபால்தலை வாங்கக் காசில்லாமல் கடிதம் போடத் தாமதமான நாட்களும் இருந்தன.

1888-இல் தந்தைக்கு வார்சாவுக்கு அருகே ஒரு சீர்திருத்தப் பள்ளியை நிர்வகிக்கும் வேலை கிடைத்தது. விரும்பத்தக்க வேலையில்லை, சம்பளம் மட்டும் நன்றாக இருந்தது. ப்ரோனியாவுக்கு அவரே மாதம் 40 ரூபிள் அனுப்ப ஆரம்பித்தார். அக்கா உடனே என்ன செய்தாள் தெரியுமா? அதில் 8 ரூபிளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மானியாவிடம் நான் வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதினாள். இந்தக் கதையில் யாருக்கும் தயங்காமல் ‘காதல்’ என்ற சொல்லைப் பொருத்தலாம் என்றால், என் ஓட்டு இந்த எட்டு ரூபிளுக்கு.

இந்தக் காதல் தோற்றதே நல்லதாகப் போயிற்று, அவனைக் கட்டியிருந்தால் ரேடியம் ஏது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த வாதம் பிடிப்பதில்லை. ஜோராவ்ஸ்கி தம்பதிக்கு அறிவியலே கடன்பட்டிருப்பதைப் போல ஆகிவிடுகிறது. இருபது வயதில் அவமானப்பட்ட ஒரு பெண்ணிடம் ‘பொறு, உனக்கு நோபல் காத்திருக்கிறது’ என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது, தான் இப்படியே அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கிழவியாகப் போகிறோம் என்பதுதான். அந்த நம்பிக்கையின்மையோடுதான் வேலையைப் பார்த்தாள்.

ஷ்சுக்கியை விட்டபின் இன்னொரு பணக்கார வீட்டில் ஓராண்டு கவர்னஸ் வேலை. 1890 மார்ச்சில் ப்ரோனியாவின் கடிதம் வந்தது: நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன், அடுத்த ஆண்டு நீ இங்கே வந்து எங்களோடு தங்கிப் படி. மாப்பிள்ளையின் பெயரும் காசிமிர்தான், காசிமிர் த்வூஸ்கி. அக்காவின் காசிமிர் வார்த்தை தவறாதவர். ஆனால் மானியா உடனே கிளம்பவில்லை. பாரிஸ் கனவெல்லாம் எப்போதோ போய்விட்டது, அப்பாவுக்குத் துணையாக இருக்கப்போகிறேன் என்று பதில் போட்டார். அப்பா ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தைக் கடிதத்தில் எழுதவில்லை.

அப்பாவோடு இருந்த அந்த ஓராண்டில் ஒரு நல்லது நடந்தது. உறவினர் யூசெப் போகுஸ்கி நடத்திய தொழில், வேளாண்மை அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் இருந்தது. அருங்காட்சியகம் என்ற பெயர் ரஷ்ய அதிகாரிகளின் கண்ணுக்கு. உள்ளே போலந்து இளைஞர்களுக்கு அறிவியல் பாடம். மாலையிலும் ஞாயிறுகளிலும் மானியா அங்கே போய், புத்தகத்தில் படித்த சோதனைகளை முதன்முறையாகத் தன் கையால் செய்து பார்த்தார். சில சரியாக வந்தன, சில சொதப்பின. வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது.

1891 செப்டம்பர். தத்ரா மலையடிவாரத்தில் சகோபானே. காசிமிர் ஜோராவ்ஸ்கி அங்கே வந்தான். இருவரும் மலைப்பாதையில் நடந்தார்கள். அவன் மறுபடியும் தன் தயக்கங்களையும் பயங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினான். ஐந்து ஆண்டாக அதே பாட்டு. நம் இருவர் விஷயத்தில் வழி என்னவென்று உனக்கே தெரியாவிட்டால் அதைச் சொல்லித்தருவது என் வேலையில்லை என்று மானியா வெட்டிவிட்டார். தொழில்முறை ஆசிரியை சொன்னது என்பதால் இந்தப் பதிலுக்குக் கூடுதல் காரம்.

காசிமிர் சாதாரண ஆளாகப் போய்விடவில்லை. லைப்சிக்கில் சோபஸ் லீ என்ற பெரிய கணிதமேதையிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். கிராக்கோவின் யாகியெலோனியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1917-18இல் அதன் ரெக்டராகவும் இருந்தார். பியானோ கலைஞர் ஒருவரை மணந்தார். போலந்து விடுதலையானதும் வார்சாவுக்கு வந்து கற்பித்தார், 1953-இல் இறந்தார். முதுமையில் அவர் வார்சா ரேடியம் நிறுவனத்தின் முன்னால் 1935-இல் வைக்கப்பட்ட மரியாவின் சிலைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருப்பார் என்று ஒரு கதை உண்டு. சொல்கிறவர்களுக்கு இனிக்கிறது. உண்மையாகவே இருந்தாலும், மானியாவின் கணக்கில் அது ரொம்பத் தாமதமான வரவு.

சகோபானேயிலிருந்து திரும்பிய கையோடு அக்காவுக்குக் கடிதம் பறந்தது: என்னை வைத்துக்கொள்ள முடியுமா, சாப்பாட்டுச் செலவுக்கு என்னிடம் பணம் இருக்கிறது, உங்களுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன் என்று. நவம்பரில் கிளம்பினார். மெத்தையும் துணிமணியும் முன்கூட்டியே சரக்கு ரயிலில் போயின. ஜெர்மனியைக் கடக்க நான்காம் வகுப்புச் சீட்டு. அந்தப் பெட்டிகளில் இருக்கையே கிடையாது என்பதால் கையில் மடக்கு நாற்காலி ஒன்று, போர்வை, வழிக்குச் சாப்பாடு. சோர்போனில் பதிவுப் படிவத்தை நிரப்பும்போது பெயரைப் பிரெஞ்சு முறைப்படி ‘மரீ’ என்று எழுதினார். 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம். அடுத்த ஆண்டு கணிதத்தில் இரண்டாமிடம். பியர் கியூரியைச் சந்தித்ததும் அந்த 1894-இல்தான். அவர்கள் கதையைச் சொல்ல வேறு தொடர்கள் நிறைய உண்டு.

அடுத்த இதழில் மாளிகையை விட்டு அரண்மனைக்குப் போகிறோம். 1862-இல் சயாம் மன்னர் மோங்குட்டின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன, இந்தியாவில் பிறந்த அன்னா லியோனோவென்ஸ். தம்மைப் பற்றி அவர் சொன்னதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை என்று பார்ப்போம்.

(தொடரும்)